துண்டு துண்டாய் வளரும் இழை

செல்லத்தம்பி என்ற பெயரை றபீக்கா முதன்முதலாகக் கேட்டபோது அவள் இத்தாவில் இருந்தாள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. அவள் கணவன் பக்கீரைத் தமிழ் இயக்கத்துப் பொடியன்கள் இறக்காமத்து வயலில் வெட்டிப்போட்டு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. முழு உடம்பும் வந்து சேரவில்லை. வந்ததைத்தான் கபன் துணியில் சுற்றி அடக்கினார்கள். கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்முகம் பார்க்காமல் பெண் இத்தா இருக்கவேண்டும். கல்முனைக்குடியிலே தன் வீட்டு அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள் றபீக்கா. அங்கேதான் கூடப்பிறந்த தம்பி காலிதீன் வந்து நின்றான்.

"ராத்தா, ஒங்கட மகள் ஜெமீலாக்கு ஏஎல் சோதினை வருது. உயிரியல் சொல்லிக் குடுக்கக் காரைதீவுச் செல்லத்தம்பி சேரை விட்டா ஆளில்ல. ஒங்கட ஊட்டு மண்டபத்துல வகுப்பு வெப்பமா?"

"தமிழனா? என்ட புருசன்ட கபுறு மண் இன்னும் காயல்ல, காலிதீன்."

"அந்தாள்ட தம்பியையும் ரோட்டுல டயர் போட்டுத்தான் கொளுத்தின. கொளுத்தின நம்மட ஆக்கள் ஆரெண்டு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலிதீன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

செல்லத்தம்பி சைக்கிளில் வந்தார். கரும்பலகை கிடையாது. சீமெந்துத் தரையிலேயே சோக்கட்டியால் பெரிதாகக் கீறுவார், எட்டுப் பிள்ளைகளும் சுற்றி இருப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவள் அந்தக் குரலை வெறுப்பதற்காகத்தான் முதலில் காதைக் கொடுத்தாள். பிறகு பாடமும் காதில் ஏறத் தொடங்கியது. வகுப்பு கலைந்ததும் தரையில் கிடந்த கீறலையும் வந்து பார்த்துக்கொள்வாள்.

"உடம்புல ஒரு கலம் ரெண்டாப் பிரியமுன்னம் தன்ட டிஎன்ஏயப் பாத்து இன்னொண்டு எழுதும். முறுக்கின ரெண்டு இழை. ஹெலிக்கேஸ் எண்ட நொதியம் அதப் பிரிச்சுக்கொண்டு போகும். பிரிஞ்ச இழையில பொலிமரேஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் சோடி வெக்கும். ஆனா அது ஒரு திசையிலதான் எழுதும். அதால ஒரு பக்கம் ஒரே நீட்டுக்குப் போகும். மத்தப் பக்கம் பின்னுக்குப் பின்னுக்குத் துண்டு துண்டாத்தான் எழுத ஏலும். அந்தத் துண்டுகள லிகேஸ் ஒட்டும்."

"பொலிமரேஸ் பிழையா வெச்சா, சேர்?" என்றாள் ஜெமீலா.

"அது உன்னப் போல இல்ல புள்ள. பிழையக் கண்டா ஒரு அடி பின்னுக்கு வந்து, வெட்டி எறிஞ்சு, சரியானத வெச்சுப்போட்டுத்தான் முன்னுக்குப் போகும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். திரைக்குப் பின்னாலும் சிரிப்பு வந்துவிட்டது. றபீக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இத்தா முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று முற்பகல் வகுப்பு நடக்கும்போது கடற்கரை றோட்டில் குண்டு வெடித்து ஆமி ட்ரக் ஒன்று சிதறியது. பத்து நிமிடத்தில் சுற்றிவளைப்பு. சந்தியில் மீன் விற்றுக்கொண்டிருந்தவனை முகத்திலே சுட்டார்கள். அவன் கூடைக்கு மேலேயே விழுந்தான். அந்த வெறியோடு றபீக்காவின் வீட்டுக்குள் ஏறிய ஆமிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். இரண்டாகப் பிரியும் கோடு. ஒரு கிளையில் நீட்டுக் கோடு, மற்றக் கிளையில் சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி.

அதிகாரி துண்டுகளின் மேல் சப்பாத்தை வைத்தான். "இது றோட்டு. இது சந்தி. இது எல்லாம் கண்ணிவெடி."

"இல்ல மாத்தயா, பாடம்..." என்றார் செல்லத்தம்பி.

துவக்குப் பிடி அவர் வாயில் இறங்கியது. பல் இரண்டு சோக்குக் கோட்டில் விழுந்தன. வலது கையைக் கதவு நிலையில் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினார்கள். எலும்பு முறிந்த சத்தம் அறைக்குள் கேட்டது.

"பாடம் எண்டா பாப்பம்," என்றான் அதிகாரி. செல்லத்தம்பியைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் மண்ணில் இடது கையால் அதையே கீறச் சொன்னார்கள். இங்கே தரையில் வாளித் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு, ஜெமீலாவின் கையில் சோக்கட்டியைத் திணித்தார்கள். "நீயும் கீறு. ரெண்டும் ஒண்டு எண்டா அவன் போகலாம். இல்ல எண்டா சுட்டுக் கிணத்துல போடுறது."

அதிகாரி கிணற்றடிக்கு நடந்தான். வாசலில் ஒருவன் துவக்கோடு நின்றான். ஜெமீலா தரையில் கீறினாள். திரை இடுக்கால் பார்த்தாள் றபீக்கா. மகள் இரண்டு கிளையிலும் நீட்டுக் கோடுதான் போட்டிருந்தாள். துண்டு ஒன்றுகூட இல்லை.

செல்லத்தம்பி பிழையாகக் கீறமாட்டார். உயிர் போனாலும் கீறமாட்டார். அங்கே மண்ணில் துண்டுகள் இருக்கும், இங்கே இருக்காது. பேசாமல் இருந்தால், பக்கீரை வெட்டியவர்களின் இனத்தில் ஒருவன் குறைவான். அந்த எண்ணமும் அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, நின்றது. பிறகு அவள் திரையை இழுத்துத் தள்ளிக்கொண்டு அந்நிய ஆண்களுக்கு முன்னால் வந்தாள்.

"அத அழி புள்ள!"

"உம்மா, துண்டக் கீறினா வெடியெண்டு சொல்லுவானுகள்!"

"கீறாட்டி அந்தாள் மௌத்தாப் போவாரு. தா இங்க!"

வாசலில் நின்றவன் அவள் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டினான். அவள் குந்தியிருந்து வெள்ளைச் சேலைத் தலைப்பால் ஒரு கோட்டைத் தேய்த்தாள். ஏழு துண்டு போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கி அம்புக்குறி.

அதிகாரி வந்தான். தரையைப் பார்த்தான், திரும்பிக் கிணற்றடிக்குப் போனான், மறுபடி வந்தான்.

"நீ டீச்சரா?"

"ரெண்டாம் வகுப்பு மட்டுந்தான் படிச்ச, மாத்தயா. திரைக்குப் பின்னால இருந்து கேட்டது." விரலை வைத்துக் காட்டினாள். "இவன் பிரிக்கிறவன். இவன் எழுதுறவன். இந்தத் துண்டுகள ஒட்டுறவன் இன்னொருத்தன். வெடி இல்ல."

அவன் அறைந்த அறையில் அவள் சுவரோடு போய் விழுந்தாள். ஆனால் சுடவில்லை. போகும்போது செல்லத்தம்பியின் தலையில் இன்னுமொரு அடி போட்டு, தெரு ஒழுங்கையில் எறிந்துவிட்டுப் போனார்கள். காலிதீன்தான் மீன் வண்டியில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான்.

"இத்தாவ முறிச்சிட்டாள், அதுவும் ஒரு தமிழனுக்காக," என்று மாமியார் மைமூனா தெருவெல்லாம் சொன்னாள்.

"ஓம் மாமி, முறிச்சன்," என்றாள் றபீக்கா. மிச்ச ஒன்பது நாளையும் அதே திரைக்குப் பின்னால் இருந்து முடித்தாள்.

அன்றிலிருந்து செல்லத்தம்பிக்கு இடது காது கேட்பதில்லை. வலது கையில் மூன்று விரல் மடங்காது. இப்போது காரைதீவில், தன் அக்கா தங்கரத்தினத்தின் வீட்டில் இருக்கிறார்.