மாலை கழற்றிய சாயங்காலம்

கார்த்திகை பிறந்தால் எங்கள் வார்டில் வலிப்பு கேஸ் கூடும். தாம்பரம் பக்கம் ஒரு போதை மீட்பு வார்டில் நான் கவுன்சலர். வருஷம் முழுக்கக் குடித்தவர் சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே குடியை நிறுத்திவிடுவார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு அதைத் தாங்காது. இரண்டாம் நாள் கை நடுங்கும், மூன்றாம் நாள் சிலருக்கு வலிப்பே வரும்.

முருகேசன் அப்படித்தான் வந்தார். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். கறுப்பு வேட்டியும் மாலையுமாக, வெறும் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். மனைவி கலா டிஸ்சார்ஜ் கேட்டார்.

"சாமி குத்தம் சார். குருசாமியாண்ட இட்டுகினு போறேன்."

"வழியிலேயே இன்னொரு வலிப்பு வந்தா உயிருக்கே ஆபத்தும்மா. சாமி ஒண்ணும் பண்ணல. குடியைத் திடீர்னு நிறுத்தினதுதான்."

மாலையைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொன்னதும் கலா சம்மதித்தார். டாக்டர் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்தார். ஆறாம் நாள் முருகேசன் வீட்டுக்கு நடந்து போனார்.

என் தப்பு அதற்கப்புறம்தான். வாராவாரம் ரிவ்யூவுக்கு வந்தார், ஒரு சொட்டு தொடவில்லை. எனக்கு ஒரே பெருமை. "மலைக்குப் போய்ட்டு வந்து, ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தை எந்த முட்டாளும் கொடுத்திருக்க மாட்டான்.

அந்த வாரம் முடிந்ததும் கலாதான் வந்தார். "மாலையைக் கழட்டின அன்னிக்கே கடைக்குப் பூட்டாரு சார். தெனம் குடிச்சுகினு கீறாரு. கம்பெனில இதான் கடைசி தபான்னு சொல்ட்டாங்க."

மறுநாள் முருகேசனை வரவழைத்து, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நாப்பத்தெட்டு நாளும் எல்லாரும் சாமின்னு கூப்ட்டாங்க சார். மொதலாளி கூட. கழட்டின அன்னிக்கு சாயங்காலம் ஃப்ரெண்டு வந்து, 'விரதம் முடிஞ்சுதா மச்சான், வா'ன்னான். வேணாம்னு சொல்ல கழுத்துல ஒண்ணும் இல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது.

"அடுத்த வருசம் மாலை போட்டு வுட்டுர்றேன் சார்" என்றார்.

"அதெல்லாம் வேணாம். இன்னைக்கே அட்மிட் ஆகுங்க."

நடுக்கம் அடங்கியதும், அந்த ஃப்ரெண்டாக நானே எதிரில் உட்கார்ந்தேன். "வா மச்சான், போலாம்" என்றேன்.

"அப்பறமா வரேன் மச்சான்."

"இது மறுக்கிறது இல்ல, நேரம் குறிக்கிறது. மறுபடி சொல்லுங்க."

சிரித்தார், சலித்தார், தலைவலி என்றார். நான் விடவில்லை. நாலாம் நாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் குடிக்கிறத வுட்டுட்டேன் மச்சான். நீ போ." கதவோரம் நின்ற கலா அழுதுவிட்டார்.

இப்போது மாலையோடு யார் வந்தாலும், கழற்றும் தேதியைக் கேட்டு அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வரச் சொல்கிறேன். முருகேசன் அதே லேத்தில்தான் நிற்கிறார். அந்த ஐந்து மணிக்கு அவரும் வந்து கூட உட்கார்கிறார், மாலை போடாத வருஷங்களிலும்.