சூரியனைச் சுற்றி ஒரு வெண்புகை

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், கல்லூரியில் இயற்பியல் நடத்திய நேரம் போக, திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் நான் சூரியனைத் துரத்திக்கொண்டிருந்தேன். விண்கலம் அனுப்பும் படங்களில், சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மேகம் தெரியும். கம்ப்யூட்டர் திரைமேல் கண்ணாடித்தாளை ஒட்டி, படத்துக்குப் படம் மேகத்தின் விளிம்பைப் பேனாவால் வரைவேன். கோடுகளின் இடைவெளியை வைத்து, அது பூமிக்கு வந்து சேரும் நாளைக் கணிப்பேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், சூரியனைச் சுற்றி வட்டமாக வெண்புகை. அப்படித் தெரிந்தால் மேகம் நேரே நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். கடைக்காரர் கேபிள் டிவியும் நடத்தியவர். "நாளன்னிக்கு சாட்டிலைட்டுக்குத் தொந்தரவு, டிவி படம் ஆடும்" என்று எச்சரித்தேன். அவர் உடனே வாடிக்கையாளர்களுக்குப் போன் போடத் தொடங்கினார்.

அடுத்த மூன்று படங்களிலும் புகை இம்மியும் நகரவில்லை. விண்கலத்தைத் திட்டிக்கொண்டே படத்தை மூடினேன். சூரியன் போய்விட்டது, புகை அப்படியே இருந்தது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயோ சார், அது நேத்து பூஜைல கம்ப்யூட்டருக்கு வெச்ச விபூதி. துணியால வட்டமா தொடைச்சேன், சரியா போகல. அதுக்குள்ள பாதி ஊருக்கு சொல்லிட்டேனே!"

நான் சொன்ன நாளில் படம் ஆடியது. அவர் கேபிளில் அது ஆடாத நாளே கிடையாது. ஆனால் அன்று மட்டும் ஒருவரும் அவரைத் திட்டவில்லை.

மறுவாரம் நான் உட்காரும் முன்பே கேட்டார்: "சார், இந்த வாரம் சூரியன்ல எதுனா இருக்குதுங்களா?"