நீட்டிய கை

தொண்ணூறுகளின் கடைசியில் பாலிகஞ்ச் லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், ஒரு மாமி தினமும் என் எதிரே உட்காருவார். டிசம்பர் குளிரில் எல்லோரும் சால்வைக்குள் ஒடுங்கியிருக்க, அவர் மட்டும் கழுத்தெல்லாம் வேர்த்து ஜன்னலைத் தூக்குவார். "சளி பிடிக்கும் தீதி!" என்று வங்காளிப் பெண்கள் கத்தி மூடிவிடுவார்கள்.

நான் தமிழ்ப் பத்திரிகை படிப்பதைப் பார்த்து, ஒருநாள் கையை நீட்டினார். "நடுங்கறதா, பாரேன்."

"இல்லையே மாமி."

"அப்போ சர்க்கரை இறங்கலை. ஊசி போட்டுக்கறேனோன்னோ, இறங்கினா வேர்த்துக் கை நடுங்கும். தீட்டு நிக்கற வயசுக்கும் இதே வேர்வைதான். பயந்துண்டு இந்தச் சந்தேஷ் ஸ்வீட்டைத் தின்னா சர்க்கரை ஏறிடறது, டாக்டர் கத்தறார்." பிரித்த சந்தேஷ் பொட்டலத்தை மறுபடி மடித்துப் பையில் போட்டார்.

"நீங்களே பார்த்துக்கப்படாதா?"

"என் கண்ணுக்கு எப்பவும் நடுங்கற மாதிரிதான் இருக்கு. ஆத்துல கேட்டா, 'மறுபடியுமா'ங்கறா."

அப்புறம் தினமும் இதேதான். கையை நீட்டுவார். "இல்லை" என்பேன். கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். ஒரே ஒரு நாள் நடுங்கியது. சந்தேஷைப் பிட்டு நானே வாயில் போட்டேன்.

ரயிலில் சந்திக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கையை யாரிடம் நீட்டினாரோ.