பி.டி. சார் ஊருக்குக் காட்டிய வாசல்

அன்று வெள்ளிமலையில் ஒரு பழைய மாணவன் வீட்டு விசேஷம். கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே, வழக்கம்போல் போனில் பி.டி. சாருடைய இணையப் பக்கத்தைத் திறந்தேன். கச்சிராயபாளையத்தில் அவர் வீட்டு மாடியிலிருந்து ஒரு கேமரா எடுக்கும் படம் அதில் வரும். நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். எதிர்ச்சாரியில் மலை பஸ் நிற்கும் நிறுத்தம் தெரியும். கீழ் ஓரத்தில் அவர் வீட்டு வாசலும் கொஞ்சம் தெரியும். பஸ் வந்துவிட்டதா என்று இங்கிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அன்று பஸ்ஸைக் காணோம். வாசலில் நீலத் துணியில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டியிலிருந்து கண்ணாடிப் பெட்டியை இறக்கினார்கள். அடப் பாவமே, படுக்கையாய்க் கிடந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் போய்விட்டார்போல, பந்தலை இந்த வாசல்வரை இழுத்துக் கட்டுகிறார்கள் என்று நினைத்து, விசாரிப்பதற்கு பி.டி. சாருக்கே போன் போட்டேன்.

“சார், யாரு தவறிட்டது?” என்றேன்.

எடுத்தது அவருடைய மனைவி மல்லிகா. “அய்யா... அவருதான் அய்யா. விடியக்காலம் நெஞ்சப் புடிச்சிகினு உக்காந்தாரு. அவ்ளோதான்.”

நான் மடையன் மாதிரி மறுபடியும் “யாரு?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகை. காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தால் படம் மாறியிருந்தது. பந்தலுக்கு வெளியே நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுச் சாவை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது மண்டையில் ஏறவே வெகுநேரம் பிடித்தது.

அவர் பெயர் ஏகாம்பரம். பெயர் சொன்னால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது, பி.டி. சார் என்றால் தெரியும். அவர் மைதானத்தில் கத்துவார். நான் வகுப்பில் இலக்கணம் நடத்துவேன். அவர் விசில் சத்தத்தில் என் பாடம் பாதி பறிபோகும். போய்ச் சண்டை போட்டால், “தமிழய்யா, நீங்க உக்காத்தி வெச்சிருக்கறதத்தான் நான் ஓட வுட்றேன்” என்பார். இருபக்கமும் கோபம், சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நிற்போம். அவரிடம் ஓடியவர்களும், ஓடாமல் ஏமாற்றி மரத்தடியில் உட்கார்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்குத் தெரியாத பி.டி. சார் ஒருவர் இருந்தார். எனக்கே அவர் சரியாகப் புரியவில்லை. புரியாததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், “என் வூட்டுலயே வெப்சைட்டு வெக்கப் போறேன்” என்றார். மலைக்குப் போகிற பஸ் எப்போது வரும், வராது என்று யாருக்கும் தெரிவதில்லை. வெயிலில் ஜனங்கள் காய்கிறார்கள். மாடியில் ஒரு கேமராவை வைத்து நிறுத்தத்தைக் காட்டிவிட்டால் அவரவர் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வரலாம் என்றார். நல்ல யோசனைதான். அதற்கென்று வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு இடம் தருகிறார்களாமே, அங்கே வைத்தால் என்ன என்று, எங்கோ காதில் விழுந்ததை வைத்துக் கேட்டேன். வந்ததே கோபம்! “என் வூட்டு வாசல நான் காட்றதுக்கு எவனுக்கு இன்னாத்துக்கு வாடக?” என்றார். மகள் சுகந்தி நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனபோது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் மாடியில் தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தார்.

முதல் தடவை என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் பஸ் நிறுத்தம் பளிச்சென்று தெரிந்தது. கைதட்டினேன். “இருங்க இருங்க, தட்டாதீங்க. இது வூட்டுக்குள்ள. உள்ள இருந்து பாத்தா எல்லாந்தான் தெரியும். வெளிய தெரியணும். நீங்க கள்ளக்குறிச்சி போயி பாத்துட்டு போன் பண்ணுங்க” என்றார். அவர் வாசலைப் பார்க்க, அவர் வாசலிலேயே நிற்கிற என்னை பஸ் ஏற்றி அனுப்பினார் மனுஷன்! வீட்டுக்கு வந்து பார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. சொன்னேன். “ம்” என்று வைத்துவிட்டார்.

அதிலிருந்து வெளியில் இருந்து பார்ப்பது என்னுடைய வேலையாகிப்போனது. சாப்பிடும்போது போன் வரும். “தெரியுதாங்க?” தெரியவில்லை. முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது வரும். “இப்ப?” தெரியவில்லை. ஒரு நாள் எரிச்சலில், “என்னதான் சார் கோளாறு?” என்று கேட்டுவிட்டேன். இண்டர்நெட் கம்பெனிக்காரன் அந்தத் தெருவுக்கே சேர்த்து ஒரே நம்பர் கொடுத்திருக்கிறானாம். வெளியிலிருந்து தேடிவருகிறவனுக்கு எந்த வீடு என்று தெரியாதாம். கம்பெனி ஆபீசுக்கு நடையாய் நடந்து தன் வீட்டுக்குத் தனி நம்பர் வாங்கினார். அப்பாடா என்றேன். அப்போதும் தெரியவில்லை.

“சார், இன்னும் என்ன?”

“பள்ளிக்கூட கேட்டுல வாட்ச்மேன் இருப்பாரு இல்ல? பி.டி. சாரப் பாக்கணும்னு ஒருத்தர் வந்தா கிரவுண்டுக்கு அனுப்புன்னு நாம மின்னாடியே சொல்லி வெச்சிருக்கணும். சொல்லலன்னா இன்னா பண்ணுவாரு? போய்யான்னு திருப்பி அனுப்பிடுவாரு. வூட்டு மோடத்துல இருக்கறவனும் அந்த மாதிரி வாட்ச்மேன்தான். அவனாண்ட இன்னும் சொல்லல.”

புரிந்தது என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டி என்ன பயன்? புரியவும் இல்லை. மோடத்துக்குள் வாட்ச்மேன் எங்கே இருக்கிறார் என்றுதான் இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆனால் அந்த வாரமே ஒரு மத்தியானம், என் வீட்டுக் கூடத்தில், என் போனில், கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தம் வந்து நின்றது. நிறுத்தத்தில் ஒரு ஆடு மட்டும் படுத்திருந்தது. “தெரியுது சார், ஆடு தெரியுது!” என்று கத்தினேன். அவர் விசிலை எடுத்து ஊதினார். காது அடைத்துப்போனது.

ஒரு மலைக்காரப் பெண் வாராவாரம் சாமை விற்க இறங்கி வருவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது மாடியைப் பார்த்துக் கை ஆட்டுவாளாம். சார் கீழே போய், “யாருக்கும்மா கை ஆட்டற?” என்று கேட்டிருக்கிறார். “எங்க வூட்டுக்காரு எஸ்டேட்டு வேலைக்கு கேரளா போயிருக்காரு சார். இந்நேரத்துக்குப் பாப்பாரு.” சார்தான் இதை என்னிடம் சொன்னார். “பஸ்ஸப் பாக்க வெச்சேன் தமிழய்யா. இவங்க இன்னாத்தையோ பாக்கறாங்க” என்றார். அவரும் குழம்பித்தான் போயிருந்தார். சுகந்தியும் மஸ்கட்டிலிருந்து பார்ப்பாளாம். அம்மா பால் வாங்க ரோட்டைத் தாண்டினால், “பாத்துப் போகச் சொல்லுங்க” என்று அப்பாவுக்குப் போன் வருமாம்.

தனி நம்பர்தான் என்றாலும், கரண்ட் போய் வந்தால் கம்பெனிக்காரன் வேறு நம்பர் மாற்றிக் கொடுத்துவிடுவான், பக்கம் தெரியாது. நான் பதறிப்போய்ப் போன் பண்ணுவேன். “அதுவே புது நம்பர வெளிய சொல்லிக்கும். அதுக்கு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் புடிக்கும். யாரும் கை வெக்காம சும்மா இருந்தா போதும்” என்பார். காலமெல்லாம் யாரையும் சும்மா நிற்க விடாத மனுஷன் சொன்ன பேச்சு இது.

செத்த வீட்டுக்கு வருகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மல்லிகாவின் மடியில் போன் கிடந்தது. சுகந்திக்கு நிறைமாதம், விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். யாரோ வீடியோ கால் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போன் கைக்குக் கை மாறி, ஆளாளுக்கு அவள் முகத்தைப் பார்த்துக் கதற, அவள் நிறுத்திவிட்டாள். எனக்குப் போன் செய்தாள். “வீடியோல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்து அழறாங்க அய்யா. எனக்கு அப்பாவப் பாக்கணும். நான் நம்ம வெப்சைட்டுலயே பாத்துக்கறேன். எடுக்கும்போது பந்தல வுட்டு வெளிய கொண்டாந்து ரோட்டுல வெக்கச் சொல்லுங்க, போதும்” என்றாள். மல்லிகாவிடம் சொன்னேன். சரி என்றாள். எல்லாரும் சரி என்றார்கள்.

சாயங்காலம் எடுக்கிற நேரம். பறை உச்சத்தில் இருந்தது. சுகந்தியிடமிருந்து போன்: “ஏன் அய்யா இன்னும் பந்தலுக்குள்ளயே வெச்சிருக்கீங்க?” நான் திரும்பிப் பார்த்தேன். பாடையைத் தூக்கிப் பந்தல் வாசலுக்கே வந்துவிட்டார்கள். “வெளிய வந்தாச்சேம்மா!” “இல்லியே. வெறும் பந்தல்தான் தெரியுது. நாலு பேரு நாற்காலில உக்காந்திருக்காங்க.”

மாடிக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கடைசியாக வந்து நின்றுபோன பழைய படம். மல்லிகாவின் அண்ணன் தனபால், களமருதூர்க்காரர், பின்னாலேயே ஏறி வந்தார். “இன்னா வாத்தியாரே?” “யாருங்க இதைப் பிடுங்கினது?” “நான்தான். சாவு வூட்டுல டி.வி. கூட போட மாட்டோம். இங்க ஒண்ணு மினுக்கு மினுக்குனு எரிஞ்சிகினு கெடந்துச்சி. எல்லாத்தையும் புடுங்கிப் போட்டேன்.”

எல்லாவற்றையும் திரும்பச் சொருகினேன். கம்ப்யூட்டர் உறுமி எழுந்தது. திரையில் படம் வந்தது. ரோடு, பஸ் நிறுத்தம், பாடையின் மாலை, எல்லாம். “வந்துடுச்சும்மா, பாரு!” என்றேன். “இல்ல அய்யா. அதே பந்தல்.” “எனக்குத் தெரியுதே!” “எனக்குத் தெரியல அய்யா.” “நல்லாப் பாரும்மா!” என்று, வயிற்றுப்பிள்ளைக்காரியைப் போய் அதட்டினேன். அப்புறந்தான் உறைத்தது. இத்தனை வருஷம் வெளியில் நின்று பார்த்தவன் இன்று உள்ளே நிற்கிறேன். எனக்குத் தெரிவது கணக்கிலேயே இல்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். “அய்யா, ஒயர ஆட்டறீங்களா?” என்றாள் சுகந்தி. “ஆமாம்மா.” “ஆட்டாதீங்க. கை வெக்காம வுட்டா தானா வரும்னு அப்பா சொல்லுவாரு.”

கையை எடுத்துவிட்டேன். கீழே எட்டிப்பார்த்து, “கொஞ்சம் இருங்க, சுகந்திக்குத் தெரியல!” என்று கத்தினேன். சலசலப்பு. பொழுது சாய்கிறது, விளக்கு வைக்கும் முன்னால் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பாடையைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மலை பஸ் வந்து வழியில்லாமல் நின்றது. மல்லிகா எழுந்து ரோட்டுக்கே வந்துவிட்டாள். “அவ பாக்காம யாரும் எடுக்கக் கூடாது. பொழுது போனா போவட்டும்” என்றாள். தனபால் மாடிப்படியிலிருந்து, “எறக்கி வெய்யுங்கடா! மேளத்த நிறுத்து!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. “தெரிஞ்சா புடுங்கினேன் வாத்தியாரே” என்றார் என்னிடம்.

ரோட்டின் நடுவில் இறக்கி வைத்தார்கள். பறை நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் மாடியில் அந்த மோடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், வாட்ச்மேனுக்குச் செய்தி போனதா, புது நம்பர் எந்த ஊர் வழியாக மஸ்கட்டுக்குப் போகிறது, ஒரு மண்ணும் தெரியவில்லை. அழுகைகூட வரவில்லை எனக்கு. போ, போ என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“தெரியுது” என்றாள் சுகந்தி.

உடனே, “அய்யா, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. மறைக்குது. அப்பாவத் தெரியல” என்றாள்.

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “நகருங்க! அவளுக்கு மறைக்குது!” என்றேன். நகர்ந்தார்கள். யார் யாரோ என்று பார்க்கவில்லை, எல்லாருமே நகர்ந்தார்கள். அவரிடம் ஓடிய பிள்ளைகள், பறை அடிக்கிறவர்கள், தலையில் மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற மலைக்காரர்கள், மல்லிகா, எல்லாரும் ரோட்டோரம் ஒதுங்கினார்கள். நடுவில் அவர் மட்டும் இருந்தார். ஒரு படம் வந்து அடுத்த படம் வரும்வரை யாரும் அசையவில்லை.

“மூஞ்சி சின்னதாத்தான் தெரியுது அய்யா” என்றாள். “ஆனா தெரியுது.” அப்புறம்தான் அழுதாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுது முடித்து அவளே, “எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

பி.டி. சார் எந்தப் படத்தையும் சேர்த்து வைக்கமாட்டார். புதியது வந்தால் பழையது அழிந்துவிடும், அப்படித்தான் அமைத்திருந்தார். ஆகையால் அந்த ஒரு நிமிடம் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. தேடிப் பார்க்கலாமா என்று சுகந்தியைக் கேட்டேன். வேண்டாம் அய்யா என்றாள். நான் மாடியிலிருந்து பார்த்தது என் நினைவில் இருக்கிறது. இத்தனை ஜனமும் ஓரத்தில் நிற்க, காலி ரோட்டில் அவர் படுத்திருந்தது. இங்கிருந்து மஸ்கட்டுக்கு அந்தப் படம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளக்குவதற்கு அவர் இல்லை.