வெள்ளிக்கிழமை ஐந்து மணி லொறி

அந்த ஜனவரியில் ரொறொன்ரோவில் பனி கொட்டியதைப் பற்றி அந்த நேரம் இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது. அள்ள அள்ளக் கொட்டியது. நகரத்தால் சமாளிக்க முடியாமல் கடைசியில் இராணுவத்தைக் கூப்பிட்டார்கள். கொஞ்சப் பனிக்கு ஆமியைக் கூப்பிட்ட நகரம் என்று நாட்டின் மற்ற ஊர்க்காரர் எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை அனுப்புவதற்கு ஒரு ரோபோ இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தது.

நான் அப்போது உயர்பள்ளியின் கடைசி வருடம். எங்கள் பள்ளியில் அந்த வருடம்தான் முதல் தடவையாக ஒரு ரோபோ குழு தொடங்கினார்கள். நாலு சில்லும் ஒரு கையும் உள்ள இயந்திரம். ஓடிப் போய்ப் பந்தை எடுத்துக் கூடைக்குள் போடவேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காக இலையுதிர்காலம் முழுக்கப் பள்ளி விட்ட பிறகும் அங்கேயே கிடந்தேன். பொம்பிளைப் பிள்ளைக்கு இருட்டின பிறகு பள்ளியில் என்ன வேலை என்று அம்மாவோடு தினமும் சண்டை. என் பொறுப்பு மின்சாரப் பக்கம்: பற்றறி, வயர்கள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கொன்றோல் பெட்டி. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் தகரம்.

பள்ளிகளுக்கிடையிலான ரோபோப் போட்டியை நடத்துகிறவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கு லொறி வரும். ரோபோவை மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து ஏற்றிவிட வேண்டும். ஏற்றாத குழுவுக்குப் போட்டி இல்லை. அந்த வாரம் பார்த்துத்தான் பனி கொட்டிப் பள்ளிகளையெல்லாம் மூடினார்கள். ரோபோவின் உடம்பு உள்ளே, நாங்கள் வெளியே. எங்கள் ஆசிரியர் போட்டி அலுவலகத்துக்குப் போன் பண்ணி, பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வரவே முடியவில்லை, இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரே தேதிதான், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. யன்னலைத் திறந்து வெளியே பாருங்கள் என்று அவர்களிடம் கத்தவேண்டும்போல் இருந்தது. அவர்களின் யன்னலுக்கு வெளியே பனி இருந்ததோ என்னவோ.

ஆசிரியர் எப்படியோ பள்ளிக் காவலாளியைப் பிடித்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைத் திறந்து வைக்கச் சம்மதிக்கவைத்தார். எங்கள் குழுவில் அவரவர் பாகம் அவரவர் வீட்டில் இருந்தது. வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த பெடியனிடம் ரோபோவின் கை. மல்வேர்னில் என்னிடம் பற்றறியும் கொன்றோல் பெட்டியும். வீட்டில் வைத்து வயர்களை ஒட்டி முடிக்கலாம் என்று, பள்ளி மூடுமுன் நான்தான் கேட்டு வாங்கி வந்தேன்.

எங்கள் அப்பார்ட்மென்ற்றில் எனக்கென்று மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, வயர்களைப் பரப்பி, ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் மாமி இருந்தார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கு அந்த மேசையைக் கண்ணில் காட்டக்கூடாது.

"உதுகளை ஏன் பிள்ளை வீட்டை வைச்சிருக்கிறாய்?" என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்பார்.

"பள்ளிக்கூட வேலை, மாமி."

"பள்ளிக்கூடத்திலை பற்றறியும் வயரும் குடுத்து விடுறாங்களோ? ஆராவது கண்டால் என்ன சொல்லுவாய்?"

சாப்பிடுகிற இடத்தில் குப்பை போடுகிறேன் என்றுதான் ஏசுகிறார் என நினைத்தேன். கறி வைப்பதற்கு இடம் விட்டுத்தானே வைத்திருக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்தது. பற்றறியைத் தொடுத்துப் பார்த்தேன், பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. அப்பா தொழிற்சாலையில். அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அடுத்த ஆள் பனிக்குள் வந்து சேராததால் இரண்டாவது ஷிப்ற்றும் அம்மாவின் தலையில். கொண்டுபோய் விடுவதற்கு ஒருவரும் இல்லை. சாமான்களை மேசையில் விட்டுவிட்டு, பஸ் ஓடுகிறதா என்று பார்க்கக் கீழே போனேன்.

பஸ் ஓடவில்லை. பஸ் நிற்கும் இடமே இல்லை. அங்கே கண்ணாடிக் கூடாரம் ஒன்று இருந்ததற்கு அடையாளமாகக் கூரை மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. கால் விறைக்க விறைக்க நின்றேன். மத்தியானம் போல ஒரு பச்சை வாகனம் வந்து நின்று, அதிலிருந்து சவலோடு ஆமிக்காரர் இறங்கினார்கள். பஸ் தரிப்பைத் தோண்டத் தொடங்கினார்கள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தோண்டினால் பஸ் வரும், பஸ் வந்தால் பள்ளிக்குப் போகலாம். கூடாரத்தின் கண்ணாடி பாதி தெரியும் வரை நின்று பார்த்துவிட்டு, சாமானை எடுத்து வர மேலே ஓடினேன்.

மேசை துடைத்து வைத்திருந்தது. சுத்தமாக. நடுவில் ஒரு தண்ணீர்ச் செம்பு. யன்னல் சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. மாமி இருட்டுக்குள் கதிரையில் இருந்தார்.

"மாமி, மேசையிலை இருந்த சாமான் எங்கை?"

"மெல்லக் கதை. கீழை ஆமி நிக்கிறான்."

"அவங்கள் ஸ்னோ அள்ள வந்தவங்கள், மாமி!"

"உதவி செய்யத்தான் வந்தனாங்கள் எண்டு அங்கையும் முதல்லை சொன்னவங்கள்."

"சாமானை எங்கை வைச்சனீங்கள்?"

"தாட்டுப்போட்டன்."

"எங்கை?"

"பின்னாலை, கார் விடுற இடத்திலை, ஸ்னோவுக்கை. அவங்கள் போனாப்பிறகு எடுத்துத் தாறன்."

"எப்ப போவாங்கள்?"

"அது ஆருக்குத் தெரியும்? அங்கை வந்தவன் இன்னும் போகேல்லை."

நான் கத்தினேன். உங்களுக்கு விசரோ என்று கேட்டேன். இது கனடா, இங்கே பற்றறி வைத்திருந்தால் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள், கடையில் சூயிங்கத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது என்று கத்தினேன். மாமி என் கையைப் பிடித்து யன்னலுக்குத் தூரமாக இழுத்தார்.

"உன்ரை மாமாவை ஏன் கொண்டுபோனவங்கள் எண்டு நினைக்கிறாய்? ரோச்சுக்குப் போடுற ரெண்டு பற்றறி. சைக்கிளிலை கொழுவின பைக்குள்ளை இருந்தது. குண்டுக்கெண்டு சொல்லிப் பிடிச்சவங்கள். எனக்குத் தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே எடுத்துத் தாட்டிருப்பன்."

மாமாவைச் சோதனைச் சாவடியில் பிடித்ததும், அவர் திரும்பி வராததும் எனக்குத் தெரியும். ஏன் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அதை இப்போது, லொறி வரப்போகிற நாளில், எனக்குச் சொல்லவேண்டுமா? அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. பனி மேல், லொறி மேல், அந்தப் போட்டி அலுவலகத்தின் மேல், மாமாவைப் பிடித்தவர்கள் மேல், எல்லார் மேலும் ஒன்றாக வந்தது. ஆசிரியர் வீட்டுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பள்ளிக்குப் புறப்பட்டிருக்கவேண்டும். சோற்றுப் பானை மூடியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

அடையாளத்துக்கு ஒரு தடி குத்தி வைத்ததாக மாமி சொல்லியிருந்தார். தடி இல்லை. இடையில் பனி தள்ளும் வண்டி வந்து, கார் விடும் இடத்துப் பனியை முழுக்க அந்த மூலையில் கொண்டுபோய்க் குவித்திருந்தது. என்னைவிட உயரமான குவியல். நான் பானை மூடியால் சுரண்டத் தொடங்கினேன். அதன் அபத்தம் எனக்கே தெரிந்தது. ஆனாலும் வேறு என்ன செய்வது?

பின்பக்கமாக வந்த இரண்டு ஆமிக்காரர் என்னைக் கண்டு நின்றார்கள். காது சிவந்த இளம் பெடியன் ஒருவன், எதைத் தொலைத்தாய் என்று கேட்டான். ரோபோவின் மூளை என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திவிட்டு, சவலை எடுத்துக்கொண்டு வந்தான். மற்றவனும் வந்தான். இரண்டு பேரும் ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காக வெட்டி வெட்டி எறிந்தார்கள். நான் நேரத்தைப் பார்ப்பதும் குவியலைப் பார்ப்பதுமாக நின்றேன். மூன்று மணி தாண்டிவிட்டது.

கடைசியில் ஒரு கறுப்புக் குப்பைப் பையின் முடிச்சு தெரிந்தது. பெடியன் அதை இழுத்தெடுத்து, கையில் பாரம் பார்த்தான். மேலே தடவிப் பார்த்து, உள்ளே பற்றறியா என்று கேட்டான். அந்த நேரம் பார்த்துக் கட்டிடத்தின் பின்கதவு திறந்தது.

மாமி வந்தார். வீட்டுச் சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஜக்கற். காலில் குளியலறைச் செருப்பு. பனிக்குள் கால் புதையப் புதைய வந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது குடிவரவு அதிகாரிகள் கொடுத்த பேப்பரை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

"அது என்ரை சாமான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. பிள்ளையை விடுங்கோ. என்னைக் கொண்டுபோங்கோ."

அவன் பேப்பரைப் பார்த்தான், மாமியின் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

பாவம், அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்ததால் கையுறையைக் கழற்றிவிட்டுப் பேப்பரை வாங்கினான். மாமியின் நீளமான பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை என்னிடம் தந்தான்.

நான் தனியாகப் போவதற்கு மாமி விடவில்லை. அவருக்குச் சப்பாத்து மாட்டிவிடுவதற்காகத் திரும்பவும் மேலே ஏறி இறங்கவேண்டியிருந்தது. அதற்கும் கத்தினேன். ஒருவழியாக பஸ் வந்தது. பையை என்னிடம் தர மாட்டேன் என்று மாமி தன் மடியில் வைத்து, மேலே சால்வையைப் போட்டு மூடிக்கொண்டார். பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு சந்தியிலும் நின்றது. நான் நகம் கடித்துக்கொண்டு, இறங்கித் தள்ளினால் வேகமாகப் போகுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குள் ஓடினேன். ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆசிரியர் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக.

லொறி வராது என்றார். காலையிலிருந்து நெடுஞ்சாலையில் பனிக்குள் நிற்கிறதாம். திங்கட்கிழமைதான் வருமாம். போட்டி அலுவலகத்தில் மத்தியானமே சொல்லிவிட்டார்கள். வெக்ஸ்போர்ட் பெடியனை வரவேண்டாம் என்று மறித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் இரண்டு தரம் போன் அடித்தாராம், ஒருவரும் எடுக்கவில்லையாம். நான் எப்படியும் வந்து நிற்பேன் என்று தெரிந்து, எனக்காகவே வந்து காத்திருந்தாராம்.

நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம், அடிச்சது," என்றார். "ஆமி கீழை நிக்கேக்கை ஆராவது போன் எடுப்பினமோ?"

எனக்கு வாயில் வந்ததை ஆசிரியர் முன்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் பனிக்குள் நிற்கிறார்கள் என்றபோது மாறாத தேதி, அவர்களின் லொறி பனிக்குள் நின்றதும் மாறிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேசையில் கையால் அடித்தேன். வலித்தது.

ஆசிரியர் பையைப் பிரித்தார். குப்பைப் பைக்குள் இன்னொரு குப்பைப் பை, அதற்குள் அரிசிப் பை, அதற்குள் துவாயில் சுற்றிய பெட்டி. ஒரு துளி ஈரம் இல்லை. தொடுத்ததும் பச்சை லைற் எரிந்தது. திங்கட்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. போட்டியில் எங்கள் ரோபோ இரண்டாவது சுற்றிலேயே பந்தைக் கவ்வியபடி நடுவில் நின்றுவிட்டது. கை இறுகிவிட்டது. என் பெட்டியில் பிழை இல்லை.

ஆனால் அது பிறகு. அந்த வெள்ளிக்கிழமை, வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தரிப்புக்கு இன்னும் தூரம் இருந்தது. மாமி என் தோளில் தட்டினார்.

"அந்தப் பெடியன் என்ரை பேரை வடிவா வாசிச்சவன்தானே?"

"ஓம்."

"உன்ரை பேர் கேக்கேல்லையே?"

"இல்லை, மாமி."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிப் போனார்.