ஓடுபாதையில் உடைத்த தேங்காய்

ஒன்பது வருடமாக இதை எழுத நினைக்கிறேன். வெள்ளிதோறும் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கோயிலில் கும்பிடும்போது மனதுக்குள் எழுதுவேன். வீட்டுக்கு வந்தால் பேனா எடுக்கப் பயம். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். மண் வெட்டும் பெக்கோ மெஷின் ஓட்டினேன். இப்போது ஓட்டும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. கல் இல்லாத இடம்

புத்தளம் பக்கம் ஒரு தென்னங்காணி. உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர் குண்டு விமானங்களுக்குக் கிரவல் என்ற சரளை மண் கொட்டி ஓடுபாதை போட்ட இடம். அந்தக் கிரவலைச் சுரண்டி லொறியில் ஏற்றுவது என் வேலை. முதல் நாளே ஓர் இரும்பு உருளை மெஷினின் பக்கெட்டில் மாட்டியது. ஆள் நீளம், ஒரே துருக் கறள். பழைய தண்ணீர்ப் பம்பு என்று நினைத்து ஓரமாக வைத்தேன்.

தேங்காய் உடைக்காமல் நான் மெஷினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை. அங்கே உடைக்க ஒரு கல் இல்லை. அந்த இரும்பில் உடைத்தேன். ஐந்து நாள் காலையும் அதில்தான்.

லொறி டிரைவர் ரபீக் நானா சிரிப்பார். "ஒங்கட சாமிக்கு நல்ல கல்லொன்டு கெடச்சீக்கி."

வெள்ளிக்கிழமை அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். நான்தான் சொன்னேன்: "நானா, இதையும் கொண்டு போங்க. கிராண்ட்பாஸ் பழைய இரும்புக் கடையில கேஸ் நெருப்பு வச்சு வெட்டிப் பார்க்கட்டும்." நானே பக்கெட்டால் தூக்கி லொறியில் வைத்தேன்.

2. எடுக்காத போன்

மகள் வீட்டுக்குப் போயிருந்த தென்னங்காணிக் காவல்காரர் பியதாச மாமா அன்று பகல்தான் திரும்பினார். சிதறிக் கிடந்த சிரட்டைகளையும் குழியையும் பார்த்தார்.

"மல்லி," என்றார்; சிங்களத்தில் தம்பி. "இதுக்குள்ள என்ன இருந்தது?"

சொன்னேன். அவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். "எங்கட அப்பா இந்த இடத்தில வேலை செஞ்சவர். வெள்ளைக்காரன் போகும்போது மிச்சக் குண்டையெல்லாம் இந்தப் பக்கம்தான் புதைச்சான்."

நானாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. முருகா, முருகா என்று திரும்பத் திரும்ப அடித்தேன். நெரிசலான அந்தக் கடைத்தெரு கண்ணில் நின்றது. கடைசியில் எடுத்தார்.

"ஜும்மாத் தொழுகையில ஈந்தன். என்ன மச்சான் அவசரம்?"

"நானா, லொறி எங்க?"

"வழியில ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால."

"லொறிக்குக் கிட்டப் போகாதீங்க. அது குண்டு. நான் தேங்காய் உடைச்சது குண்டில."

"சனம் இன்னும் வெளியாகல்ல," என்றார், மெதுவாக. பிறகு அவர் எல்லோரையும் பின்வாசலால் அனுப்பச் சொல்லிக் கத்துவது கேட்டது.

3. ஒரு கேள்வி

மாமாவின் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். ஆமிக்காரர் வந்து பார்த்து, உள்ளே வெடிமருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார்கள். அவர்களில் பெரிய அதிகாரி ஒருவர் கேட்டார்: "யார் இதை ஏத்தினது?"

வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"நான்தான் சேர்," என்றார் ரபீக் நானா.

அடுத்த கிழமை கொம்பனி அவரை வேலையிலிருந்து நிற்பாட்டியது. என்னை வைத்துக்கொண்டது.

பிள்ளைகளே, புது இடத்தில் மெஷினை இறக்குமுன் அந்த ஊர் மனிதரிடம் அந்த மண்ணின் கதையைக் கேளுங்கள். பள்ளிவாசல் சனத்தைக் கடவுள் காப்பாற்றினார். என் வேலையை ரபீக் நானா காப்பாற்றினார். கொட்டாஞ்சேனையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள், டிரைவர் அறியாமல் ஏற்றினார் என்கிறார்கள். அப்படிச் சொல்ல வேண்டாம். ஏற்றியது நான். இதை யாருக்குச் சொன்னாலும் அந்த ஒரு வரியை மாற்றாமல் சொல்லுங்கள்.