முச்சந்தியில் ஒரு பேனர்

எங்கள் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால் பாடை கட்டுவதற்கு முன்பே பேனர் கட்டிவிடுவார்கள். நடுவில் இறந்தவர் படம், கீழே கும்பிட்டபடி கட்சிக்காரர்கள். கும்பிடுகிற கூட்டத்தில் செத்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாளிதழ் ஒன்றுக்கு வட்டார நிருபராக இருந்த எனக்கு இந்தக் கூத்து பழகிப்போயிருந்தது.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. குத்தகை நிலத்தைக் காலி செய்யச் சொல்லிப் பலருக்கு நோட்டீஸும் வந்திருந்தது. அவர்களில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுநாளே முச்சந்தியில் பேனர்: 'மண்ணுக்காக உயிர் கொடுத்த தியாகிக்கு வீரவணக்கம்.' ஆபீசிலிருந்து எனக்குப் போன் மேல் போன். எப்படிச் செத்தார் என்று விலாவாரியாக வேண்டுமாம்.

அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. குரலில் மட்டும் பிசிறே இல்லை.

"எப்படின்னு போடாதீங்க சார். தியாகின்னும் போடாதீங்க. நிலம் மட்டும் காரணமில்ல. ரொம்ப நாளா மனசு சரியில்லாம, தூக்கமில்லாமக் கிடந்தாரு. இந்த மாதிரி சேதி பெரிசா வந்தா, அதைப் பாத்துட்டு அப்படியே செஞ்சுக்கிட்ட இன்னொருத்தரை வார்டுக்குத் தூக்கிட்டு வர்றாங்க. நான் பாத்திருக்கேன்."

வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். அண்ணனோடு சேர்ந்து அதே நிலத்தில் பாடுபட்ட அவருடைய கொழுந்தன், பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான்.

"தம்பி காலையிலேருந்து அங்கயே நிக்குது. 'அண்ணனுக்கு எவ்வளவு மரியாதை பாத்தீங்களா அண்ணி'ங்குது. எனக்கு ஈரக்குலை நடுங்குது சார்."

சொன்னவர் எழுந்து நேராக முச்சந்திக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பேனர் கயிற்றில் அவர் கை வைத்ததும் கட்சியின் கிளைச் செயலாளர் பதறி வந்தார். "கழட்டினா ஊரே கொதிச்சிடும்மா."

"கொதிச்ச ஊரு ஆறிடுங்க. எனக்கு இன்னொரு சாவு வேணாம்."

பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "நீயும் போயிடலாம்னு நெனைக்கிறியா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை இப்படி நேருக்கு நேராகக் கேட்பார்களா! அவன் ஆமென்று மெல்லத் தலையாட்டினான். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லிட்டல்ல, போதும். நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போவோம்."

புருஷனைப் பறிகொடுத்த மறுநாள், ஒரு மனுஷிக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வரும்? நான் பிரமித்துப்போய் நின்றேன். கிளைச் செயலாளர் தானாகவே மறுமுனைக் கயிற்றை அவிழ்த்தார்.

நாலே வரி எழுதி அனுப்பினேன். எப்படி என்பது அதில் இல்லை. மனம் கனத்தால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பது இருந்தது. ஆபீசில் காய்ச்சி எடுத்தார்கள், எடுக்கட்டும்.

அடுத்த வருஷம் தண்ணீர் வந்தது. குத்தகை நிலமும் எப்படியோ அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. தை மாதம் அந்தப் பக்கம் போனபோது, அவர்கள் வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் விரித்திருந்தது அதே பேனர், எழுத்துப் பக்கம் தரையைப் பார்க்க. கொழுந்தன் அதன்மேல் நடந்து, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"ஓரமா வாங்க சார்," என்றான் என்னைப் பார்த்து. "விதை நெல்லு."